ஒளிநாடாவில் குடும்பச் சித்திரம்: புலம்பெயர்ந்தோர் இல்லங்களில் 1950, 1960களின் தமிழ்ப் படங்கள்

'குடும்பச் சித்திரம்' என்பது தமிழ்த் திரைப்பட விளம்பரங்கள் வழங்கிய தொடர்களுள் ஒன்று. அதற்கு இரு பொருள் உண்டு. குடும்பத்தைப் பற்றிய படம் என்பது ஒன்று. குடும்பத்தோடு பார்க்கத்தக்க படம் என்பது மற்றொன்று. 1950களிலும் 1960களிலும் இவ்விரு பொருளும் திரையரங்கிலேயே நிறைவேறின. பெண்களுக்குத் தனி வரிசை, இடைவேளை, பாட்டுப் புத்தகம், வீடு திரும்பும் வழியில் நடக்கும் வாதம் ஆகிய யாவும் படம் பார்த்தலின் பகுதிகளாக இருந்தன. 1980களில் தமிழ்நாட்டையும் ஈழத்தையும் விட்டு நெடுந்தொலைவு சென்று குடியேறியவர்களுக்கு அத்திரையரங்கு இல்லை. அவர்களுக்கு இப்படங்கள் ஒளிநாடாவாகவே வந்து சேர்ந்தன. பிள்ளைகள் பலர் சிவாஜி கணேசனையும் சாவித்திரியையும் முதன்முதல் கண்டது பதினான்கு அல்லது இருபது அங்குலப் பெட்டியில்தான்.

இப்படங்களின் கதை, உரையாடல், அரசியல் ஆகியன பற்றிய ஆய்வுகள் பல உள. அவை எந்தப் படியில், எந்த வேகத்தில், எவ்வளவு நீளத்தில் புலம்பெயர்ந்தோரை வந்தடைந்தன என்னும் வினா அவற்றில் பெரிதும் எழுப்பப்படவில்லை. இவ்வினா நுட்பவியலுக்கு மட்டும் உரியதன்று. ஒரு சமூகம் தன் பண்பாட்டு நினைவாகப் போற்றும் படம் திரையில் ஓடிய படமா, அதன் குறைவுபட்ட படியா என்பது வரலாற்றாசிரியன் விடை காண வேண்டிய வினாவாகும்.

பிரிவைப் பேசிய படங்கள்

ஒளிநாடாக் கடைகளின் அடுக்குகளில் நிலைபெற்ற பழைய படங்களுள் முன்னிற்பவை ஏ. பீம்சிங் இயக்கியவை. 'பதிபக்தி' (1958), 'பாகப்பிரிவினை' (1959), 'படிக்காத மேதை' (1960), 'பாவ மன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' (மூன்றும் 1961), 'பார்த்தால் பசி தீரும்' (1962), 'பார் மகளே பார்' (1963) எனப் பகர வரிசையில் பெயர் சூட்டப்பெற்ற இப்படங்களுள் பெரும்பாலானவற்றின் கரு, ஒரு வீடு பிளவுபடுவதும் மீண்டும் கூடுவதும் அல்லது கூடாமற் போவதும் ஆகும். சொத்து, திருமணம், வளர்ப்பு, பழைய நன்றிக்கடன் ஆகியவற்றுள் ஏதோ ஒன்று உறவுக்குள் புகுகிறது. எதிரி பெரும்பாலும் வெளியில் இல்லை.

இவற்றுக்கும் முன்னர் வந்த 'பராசக்தி' (1952) இங்குத் தனியே நோக்கத்தக்கது. கிருஷ்ணன்-பஞ்சு இயக்கத்தில், மு. கருணாநிதியின் உரையாடலோடு அவ்வாண்டுத் தீபாவளிக்கு வெளிவந்த அப்படம், பகுத்தறிவு இயக்க வரலாற்றின் பகுதியாகவே பெரிதும் படிக்கப்படுகிறது. ஆயினும் அதன் கதை தொடங்குவது ஓர் புலம்பெயர்ந்த குடும்பத்தில்தான். அண்ணன்மார் மூவர் இரங்கூனில் இருக்கின்றனர். தங்கை மதுரையில் இருக்கிறாள். அவள் திருமணத்திற்கு மூவரும் சேர்ந்து வர இயலவில்லை. இரண்டாம் உலகப்போர் அவர்களைச் சிதறடிக்கிறது. 1952இல் சென்னையில் இப்படத்தைக் கண்டவர்களுக்குப் பர்மாவிலிருந்து நடந்தே வந்தவர்களின் துயரம் பத்தாண்டுப் பழமையுடையது. 1983க்குப் பின்னர் இலங்கையை விட்டு வெளியேறியவர்களுக்கோ அது அண்மைச் செய்தி. தங்கையின் திருமணத்திற்குப் பணம் அனுப்ப முடிந்து, நேரில் வர முடியாத அண்ணன் என்னும் நிலை, தொறொன்ரோவிலும் பாரிசிலும் ஓசுலோவிலும் வாழ்ந்த ஈழத்தமிழ் இளைஞர் பலரின் நிலையே. நீதிமன்ற உரைக்காகப் புகழ்பெற்ற படம் அவ்வீடுகளில் வேறொரு படமாகவும் பார்க்கப்பட்டிருத்தல் இயல்பே.

'பாசமலர்' அடைந்த இடமும் இவ்வாறே விளக்கத்தக்கது. அண்ணனும் தங்கையும் பிரிந்திருந்து தத்தம் குழந்தைகளைத் தாலாட்டும் காட்சியில் தாய்மாமன் என்னும் உறவின் முழுப் பாரமும் இறக்கி வைக்கப்பட்டுள்ளது. காதுகுத்து, பூப்பு நீராட்டு, திருமணம் ஆகிய சடங்குகள் அனைத்திலும் தாய்மாமனுக்கு இடம் வைத்திருக்கும் சமூகத்தில், மாமன் ஒரு நாட்டிலும் மருமகள் மற்றொரு நாட்டிலும் வாழ நேர்வது சடங்கையே முடக்கிவிடும். அப்படம் கண்ணீரை வலிந்து வரவழைக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. அதில் உண்மை இல்லாமலில்லை. எனினும் அக்கண்ணீர் எங்கே, எந்தச் சூழலில் வடிக்கப்பட்டது என்பதையும் சேர்த்தே அதனை எடைபோட வேண்டும்.

மூன்று முறைகள், மூன்று பார்வைகள்

வி.எச்.எஸ். ஒளிநாடா முறையை சப்பானின் ஜே.வி.சி. நிறுவனம் 1976இல் வெளியிட்டது. ஓராண்டு முன்னரே வந்த சோனியின் பீட்டாமேக்சு முறையை அது சில ஆண்டுகளில் பின்தள்ளியது. பதிவுக் கருவி உலகெங்கும் பரவியபோதும் தொலைக்காட்சி முறைகள் உலகெங்கும் ஒன்றாக இல்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, பிரித்தானியா, செருமனி, சுவிட்சர்லாந்து, நார்வே ஆகிய நாடுகளில் பி.ஏ.எல். முறை வழங்கியது: வினாடிக்கு 25 படங்கள், 625 கோடுகள். கனடாவிலும் அமெரிக்காவிலும் என்.டி.எஸ்.சி. முறை: வினாடிக்கு ஏறத்தாழ 30 படங்கள், 525 கோடுகள். பிரான்சில் செக்காம் முறை. ஒரே குடும்பத்தின் உடன்பிறந்தோர் இலண்டன், பாரிசு, தொறொன்ரோ என மூன்று நகரங்களில் வாழ்ந்தால், ஒருவர் அனுப்பிய நாடா மற்றவர் பெட்டியில் ஓடும் என்பதற்கு உறுதியில்லை.

பாரிசில் ஒரு விந்தை நேர்ந்தது. பி.ஏ.எல். நாடாவைச் செக்காமுக்கு மட்டும் உரிய கருவியில் இட்டால் படம் ஓடும், ஒலி கேட்கும். நிறம் மட்டும் தோன்றாது. 1980களின் வண்ணப் படம் அங்கே சாம்பல் நிறத்தில் ஓடியது. 'பாகப்பிரிவினை'யோ எவ்விழப்பும் இன்றி, எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளையிலேயே ஓடியது.

கனடாவில் சிக்கல் பெரிது. பி.ஏ.எல். நாட்டில் வழங்கிய 180 நிமிட நாடாவில் ஒரு தமிழ்ப் படம் முழுமையாக அடங்கும். வட அமெரிக்காவில் பரவலாக விற்ற நாடா, இயல்பான வேகத்தில் 120 நிமிடமே ஓடியது. இரண்டரை மணி முதல் மூன்று மணி வரை ஓடும் படத்தை அதற்குள் அடக்க மூன்று வழிகளே இருந்தன. இரண்டு நாடாக்களில் பதிவது செலவு மிக்கது. காட்சிகளை வெட்டுவது எளிது. வெட்டப்படுவன பெரும்பாலும் பாடலோ நகைச்சுவைப் பகுதியோ ஆகும். மூன்றாவது வழி, நாடாவை மெதுவாக ஓட்டிப் பதிவது. மிக மெதுவான வேகத்தில் அதே நாடா ஆறு மணி நேரம் கொள்ளும். இரண்டு படங்கள் அடங்கும். கடைக்காரருக்கும் வாங்குவோருக்கும் இதுவே ஆதாயம்.

அதன் விலையைக் கொடுத்தது ஒலி. சாதாரண ஒலிநாடா வினாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓடுகிறது. பி.ஏ.எல். ஒளிநாடாவின் இயல்பு வேகம் 2.34 செ.மீ.; என்.டி.எஸ்.சி.யின் மிக மெதுவான வேகம் 1.11 செ.மீ. மட்டுமே. நாடாவின் ஓரத்தில் நேர்க்கோடாகப் பதியும் ஒலி, வேகம் குறையக் குறைய உயர் அதிர்வுகளை இழக்கிறது. மெல்லின, வல்லின வேறுபாடுகளும் சகர ஒலிகளும் மழுங்குகின்றன. காட்சியை விட உரையாடலை நம்பி எடுக்கப்பட்ட படங்களுக்கு இதனினும் பெரிய ஊறு இல்லை. எதுகை மோனையோடு அடுக்கி வரும் தொடர்களின் மெய்யெழுத்துகள் தேய்ந்துபோன படியைக் கேட்டு, பழைய நடிகர்கள் 'கத்துகிறார்கள்' என்று முடிவு கட்டிய இளையோரைக் குறைகூற இயலாது.

விரைந்த குரல்

திரைப்படம் வினாடிக்கு 24 படங்களாக எடுக்கப்படுகிறது. பி.ஏ.எல். முறைக்கு மாற்றும்போது அதனை 25 ஆகவே ஓட்டிவிடுவது வழக்கம். படம் நூற்றுக்கு நான்கு பங்கு விரைவுபடுகிறது. மூன்று மணி நேரப் படம் ஏறத்தாழ 173 நிமிடத்தில் முடிகிறது. அதற்கு ஈடாகச் சுருதியும் உயர்கிறது; உயர்வு ஓர் அரைச்சுரத்தில் பத்தில் ஏழு பங்கு. ஆகவே இலங்கை வானொலியில் இசைத்தட்டு வழியாகக் கேட்டுப் பழகிய டி.எம். சௌந்தரராஜன், பி. சுசீலா குரல்களுக்கும் ஒளிநாடாவில் ஒலித்த அதே குரல்களுக்கும் இடையே செவிக்கு எட்டும் வேறுபாடு உண்டு. மூத்தோர் இதனை உணர்ந்தாலும் காரணம் கூற இயலாமல் 'நாடா சரியில்லை' என்று கொண்டிருக்கலாம். இளையோருக்கு உயர்ந்த சுருதியே மூலச் சுருதி.

சிங்கப்பூரிலோ இலண்டனிலோ பி.ஏ.எல். முறையில் பதிந்த நாடாவைக் கனடாவுக்காக என்.டி.எஸ்.சி.க்கு மாற்றினாலும் இவ்விரைவு நீங்குவதில்லை. மாற்றும் கருவி கோடுகளையும் படங்களின் எண்ணிக்கையையும் மாற்றுமேயன்றி, ஓடும் நேரத்தைத் தொடுவதில்லை. பின்னாளில் அந்நாடாவிலிருந்து குறுந்தட்டு வெட்டப்பட்டாலும் விரைவு உடன் செல்கிறது. எனவே ஒரு படியின் வழிமரபைக் காட்டும் தடயமாக இதனைக் கொள்ளலாம்.

சட்டமும் கடையும்

நாடா வணிகம் தொடங்கியபோது சட்டம் பின்தங்கியே இருந்தது. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1984இல் திருத்தப்பட்டு, ஒளிநாடாப் படமும் திரைப்படம் என்னும் வரையறைக்குள் கொண்டுவரப்பட்டது. உரிமையாளர் பெயர், தணிக்கைச் சான்று முதலியவற்றைப் படத்திலும் உறையிலும் காட்ட வேண்டும் என்னும் விதியும் சேர்க்கப்பட்டது. சிங்கப்பூர் தனக்கெனப் பதிப்புரிமைச் சட்டம் இயற்றியது 1987இல்தான். அதுவரை அந்நகர் படியெடுத்த நாடாக்களின் உலகச் சந்தைகளுள் ஒன்றாக விளங்கியது. பிரித்தானியாவில் 1984ஆம் ஆண்டு ஒளிப்பதிவுச் சட்டம், விற்பனைக்கும் வாடகைக்கும் உரிய ஒவ்வொரு படத்திற்கும் தரச்சான்று வேண்டும் என்றது. இசை, சமயம், விளையாட்டு, கல்வி சார்ந்தவற்றுக்கு விலக்களித்தது. வன்முறைப் படங்களைக் கருதி எழுந்த அச்சட்டத்தின் கீழ் அண்ணன் தங்கை பாசத்தைப் பேசும் படமும் கட்டணம் செலுத்திச் சான்று பெற வேண்டியதாயிற்று. இச்சட்டம் ஐரோப்பிய ஆணையத்துக்கு முறைப்படி அறிவிக்கப்படவில்லை என்பது கால் நூற்றாண்டு கழித்து 2009இல் கண்டறியப்பட்டு, 2010இல் மீண்டும் இயற்றப்பட்டது தனிக்கதை.

வாடகைக் கடை பெரும்பாலும் மளிகைக் கடையின் ஒரு மூலையே. கறிவேப்பிலை வாங்க வந்தவர் நாடாவும் எடுத்துச் சென்றார். புதுப்படம் ஒரு வாரம் ஓடி ஓயும். பழைய குடும்பப் படத்திற்கு அத்தகைய அவசரமில்லை. பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒன்றாக அமர்ந்து, இடையில் எழுந்து விரைவுப் பொத்தானைத் தேட வேண்டிய காட்சி ஏதுமின்றிப் பார்க்கலாம். ஆக, எந்தப் படம் 'செவ்வியல்' ஆயிற்று என்பதை விமரிசகரைக் காட்டிலும் இவ்வடுக்குகளே பெரிதும் முடிவு செய்தன எனலாம். நாடாவாக வந்த படம் நினைவில் நின்றது. வராத படம், 1950களில் நூறு நாள் ஓடியிருந்தாலும், புலம்பெயர்ந்தோரின் அடுத்த தலைமுறைக்கு இல்லாத படமே.

யாழ்ப்பாணத்தில் பதிவுக் கருவிக்கு 'டெக்' என்று பெயர். தொலைக்காட்சியும் டெக்கும் மின்பிறப்பாக்கியும் வாடகைக்கு எடுத்து, விடியும்வரை மூன்று நான்கு படங்கள் ஓட்டுவது 1980களில் அங்கு வழக்கமாயிருந்தது. 1990 முதல் சில ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரமே இல்லை. அந்நிலையிலும் படம் பார்க்கும் வழக்கம் முற்றாக அற்றுவிடவில்லை. புலம்பெயர்ந்தோரின் இல்லத் திரைக்கு முன்வடிவம் இதுவே. மேலை நாட்டுப் பழக்கம் என்று அதனைக் கருதுவது பொருந்தாது.

வெட்டுண்டதை அளத்தல்

ஒரு நாடாப் படி முழுமையானதா என்பதைக் கண்டறிய எளிய வழி உண்டு. இந்தியப் படங்களின் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழில் படத்தின் நீளம் குறிக்கப்பட்டிருக்கும். 35 மி.மீ. படச்சுருள் நிமிடத்திற்கு 90 அடி, அதாவது 27.4 மீட்டர் ஓடுகிறது. சான்றிதழ் 16,000 அடி என்று காட்டினால் படம் ஏறத்தாழ 178 நிமிடம், பி.ஏ.எல். விரைவில் 171 நிமிடம். நாடா 150 நிமிடத்தில் முடிந்தால் இருபது நிமிடத்துக்கு மேல் காணாமற் போயிற்று. எப்பாடல் போயிற்று என்பதற்கு அந்நாளில் திரையரங்கு வாயிலில் விற்ற பாட்டுப் புத்தகம் சான்று. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் முதலியவற்றில் இத்தகைய அச்சுச் சான்றுகள் பேணப்படுகின்றன.

மூலப்படிகள் இருப்பின் இத்துணைக் கணக்கு வேண்டியதில்லை. ஆனால் 1950களின் தொடக்கம் வரை வழங்கிய நைட்ரேட் சுருள் தீப்பற்றுவது. அடுத்து வந்த அசிட்டேட் சுருள் சென்னையின் வெப்பத்திலும் ஈரத்திலும் புளித்த நெடி வீசிச் சுருங்குவது. கறுப்பு வெள்ளைச் சுருள்களில் உள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பதற்காகவே பல படிகள் அழிக்கப்பட்டன. இந்தியத் தேசியத் திரைப்படக் காப்பகம் புனேயில் 1964இல்தான் தோன்றியது. 2003 சனவரியில் அங்கு நேர்ந்த தீயில் நைட்ரேட் சுருள்கள் பல எரிந்தன. இந்நிலையில் 1980களில் திரையரங்குப் படியிலிருந்து எடுத்த நாடாப் பதிவு, வெறும் நகல் என்று ஒதுக்கத்தக்கதன்று. சுருள் மாறும் இடத்தில் மூலையில் தோன்றும் வட்டக் குறி, கீறல், தாவல் யாவும் அப்படி எத்துணை ஓடித் தேய்ந்தது என்பதைச் சொல்கின்றன.

தட்டுகளின் காலம்

1993இல் வரையறுக்கப்பட்ட வி.சி.டி. முறை சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் விரைந்து பரவியது. ஒரு தட்டு ஏறத்தாழ 74 நிமிடம் கொள்ளும் என்பதால் தமிழ்ப் படம் இரண்டு அல்லது மூன்று தட்டுகளாகப் பிரிந்தது. இடைவேளை அட்டை இருந்த இடத்தில் தட்டு முடியாமல், பாதி உரையாடலில் முடிவதும் உண்டு. டி.வி.டி. வந்தபின் விலை வீழ்ந்தது. மோசர் பேயர் நிறுவனம் 2007இல் வி.சி.டி.யை 28 ரூபாய்க்கும் டி.வி.டி.யை 34 ரூபாய்க்கும் இந்தியச் சந்தையில் இறக்கியது; தமிழ்ப் பழம்படங்களும் அவ்விலைக்குள் வந்தன. ஊருக்குச் சென்று திரும்புவோர் பெட்டியில் இருபது முப்பது தட்டுகள் ஏறின. தட்டு புதிது என்பதனால் படி புதிது என்று கொள்ளலாகாது. படத்தின் அடி விளிம்பில் நடுங்கும் கோடு தெரிந்தால் அதன் தாய் ஒரு ஒளிநாடா. அகலத் திரை பரவியபின் வேறொரு கேடும் சேர்ந்தது. 1950களின் படச்சட்டம் பழைய தொலைக்காட்சிச் சட்டத்தோடு ஏறக்குறைய ஒத்திருந்தது. அதனை அகலத் திரைக்கு நிரப்ப மேலும் கீழும் வெட்டினால் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போய்விடும். பெரியவர் நாற்காலியிலும் பெண்கள் தூணோரத்திலும் பிள்ளைகள் தரையிலுமாக முழுக் குடும்பத்தையும் ஒரே சட்டத்தில் நிறுத்தும் இயக்கத்திற்கு இவ்வெட்டு நேர்ப்பகை.

டி.வி.டி.யின் உண்மையான நன்கொடை ஆங்கில வரிமொழி. தமிழை வீட்டில் அரைகுறையாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அது வாயில் திறந்தது. எனினும் குடும்பச் சித்திரத்தின் உயிர்நாடி உறவுப்பெயர். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஆங்கிலத்தில் ஒரே சொல். மாமன், சித்தப்பன், பெரியப்பன் மூவர்க்கும் ஒரே சொல். அத்தான் என்று அழைக்கும் இடத்திலோ பெரும்பாலும் வெறும் பெயர் அல்லது ஒன்றுமில்லை. 'பாகப்பிரிவினை'யில் யார் யாருக்கு விட்டுக்கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதை அவ்வழைப்புச் சொற்களே நிறுவுகின்றன. வரிமொழியை மட்டும் படிப்பவர் அங்கே காண்பது முறைமையின் மோதலை அன்று, தனிமனிதப் பூசலையே.

நாடாக்களின் இன்றைய நிலை

ஒளிநாடாக் கருவியை இறுதிவரை செய்துவந்த சப்பானிய நிறுவனமான புனாய் 2016 சூலையில் அதன் உற்பத்தியை நிறுத்தியது. காந்த நாடாவின் ஆயுள் பொதுவாகப் பத்து முதல் முப்பது ஆண்டுகள் என மதிப்பிடப்படுகிறது. 1980களின் தமிழ் நாடாக்கள் அவ்வெல்லையைக் கடந்துவிட்டன. கடைகள் மூடப்பட்டபோது அவற்றின் இருப்பு பெரும்பாலும் குப்பைக்கே சென்றது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்தின் பதிப்புரிமை வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். எனவே 1961இல் வெளியான 'பாசமலர்', 'பாவ மன்னிப்பு', 'பாலும் பழமும்' ஆகியன 2022 சனவரி 1 முதல் இந்தியாவில் பொதுவுடைமை. உரிமை விடுபட்டது, நல்ல படி எங்குள்ளது என்பதை அவ்விடுதலை தானே காட்டிக்கொடுக்காது. 'கர்ணன்' (1964) போன்ற சில படங்கள் எண்ணியல் முறையில் சீரமைக்கப்பட்டு 2012இல் மீண்டும் திரையரங்கு கண்டன. கறுப்பு வெள்ளைக் குடும்பப் படங்களுள் அந்நல்வாய்ப்புப் பெற்றவை மிகச் சில.

புலம்பெயர்ந்தோர் வாழும் நகரங்களின் ஆராய்ச்சி நூலகங்கள் தமிழ் நூல்களையும் இதழ்களையும் திரட்டுகின்றன. ஒளிநாடாவை நூலுக்கு நிகரான ஆவணமாக அவை பெரிதும் கொள்வதில்லை. கொள்ளுமிடத்தும் படத்தின் பெயர், ஆண்டு, நடிகர் என்பதோடு பட்டியல் நின்றுவிடுகிறது. தொலைக்காட்சி முறை, பதிவு வேகம், ஓடும் நேரம், தணிக்கைச் சான்றிதழ் காட்டும் நீளம், முதல் படியா படியின் படியா என்பன பதியப்பட்டாலன்றி அந்நாடாவை ஆய்வாளன் பயன்படுத்த இயலாது. படத்தின் நடுவே திரையின் அடியில் ஓடும் நகைக்கடை, சேலைக்கடை விளம்பரங்கள் எந்த நகரில் எவ்வாண்டில் அந்நாடா படியெடுக்கப்பட்டது என்பதற்குச் சில வேளைகளில் ஒரே சான்று. எண்ணியல் வடிவுக்கு மாற்றுவோர் முதலில் வெட்டி எறிவது அவ்விளம்பரங்களையே. உறையில் மையால் எழுதிய கடை எண்ணும், வாடகைக்கு எடுத்தவர் திருப்பித் தர வேண்டிய நாளைக் குறித்த ஒட்டுச் சீட்டும், நாடாவோடு சேர்ந்தே பேணப்பட வேண்டியவை.